திணை முடிவும் படைத்தவன் பொறுப்பும்: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ தமிழாக்கத்தில் ஒரு சிக்கல்

1. முன்னுரை

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) அறிவியல் வேட்கையையும் படைத்தவனின் பொறுப்பையும் பொருளாகக் கொண்ட கோதிக் புதினமாகும். பிணங்களிலிருந்தும் இறைச்சிக் கூடத்திலிருந்தும் திரட்டிய உறுப்புகளால் விக்டர் என்னும் மாணவன் ஓர் உருவம் சமைத்து உயிரூட்டுகிறான், அது கண் திறந்ததும் அருவருத்துக் கைவிடுகிறான், பெயரும் இடவில்லை. உடலிலேயே மனிதமும் விலங்கும் கலந்த அப்படைப்பு உயர்திணையா, அஃறிணையா? தமிழில் இதற்குத் தரும் விடை படைத்தவனின் பொறுப்பையும் அளக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

2. வினைமுற்றும் திணையும்

பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்து நல்லேப்பிள்ளி போன்ற எல்லையூர்களில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்குகின்றன. ‘வந்நு’ என்னும் மலையாள வினைமுற்று திணை, பால் எதனையும் காட்டாது. தமிழிலோ ‘வந்தான்’, ‘வந்தது’ என்று காட்டியே தீரவேண்டும். எனவே, மலையாள மொழிபெயர்ப்பாளர் பெயரிலும் சுட்டிலும் மட்டும் சந்திக்கும் தேர்வைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஏறத்தாழ ஒவ்வொரு தொடரிலும் சந்திக்கிறார்.

மூலத்தில், உயிர் பெறும் காட்சியில் விக்டர் முதலில் அஃறிணைச் சுட்டை ஆள்கிறான்; சில வரிகளுக்குள் ஆண்பாற் சுட்டுக்கு மாறுகிறான். இத்தடுமாற்றம் நடைப்பிழையன்று, தான் செய்தது பொருளா, பிறவியா என்று அவன் மனம் தெளியாமையின் அடையாளம். எங்கும் ‘அது’ என்றால் கதை பிழைத்துப்போன ஒரு சோதனையின் வரலாறாகிவிடும். பொருளிடம் எவருக்கும் கடமையில்லை. எங்கும் ‘அவன்’ என்றாலோ விக்டரின் தடுமாற்றம் மறைந்துவிடும்.

3. குழந்தை என்னும் சான்று

தமிழில் ‘குழந்தை அழுதது’ என்கிறோம். இங்கு அஃறிணை முடிவு இழிவைக் குறிப்பதன்று. கண் திறந்து கைநீட்டும் அப்படைப்பும் அன்று பிறந்த உயிரே. ஆகவே அவ்விடத்தில் ‘அது’ என்பது பொருளையும் குழவியையும் ஒருங்கே சுட்டவல்லது. விக்டர் முன்னதை மட்டுமே கண்டான் என்பதை, ஆங்கிலத்தினும் தமிழ் சிறப்பாக உணர்த்தக்கூடும்.

4. தன்மை இடம்

புதினத்தின் நடுப்பகுதியில் படைப்பே தன் கதையைக் கூறுகிறது. ‘கண்டேன்’, ‘கற்றேன்’ என்னும்போது திணைவேறுபாடு தோன்றுவதில்லை. தொல்காப்பியம் தன்மை வினையை உயர்திணையுள் வைத்து ஓதுகிறது. நன்னூல் இருதிணைக்கும் பொதுவாக்குகிறது. தன்னைத் தானே ‘நான்’ என்று சொல்லவல்லது உயர்திணையே என்னும் கருத்துக்குத் தொல்காப்பிய நெறி இடந்தருகிறது. மறுக்கப்பட்ட உரிமையை அப்படைப்பு இப்பகுதியில் பேச்சினாலேயே பெறுகிறது எனலாம்.

5. பெயர்த் தேர்வு

படைப்பை ‘அரக்கன்’ என்று பெயர்ப்பது பொருந்துமா? அச்சொல் பிறப்பாலேயே தீமையை ஏற்றிவிடுகிறது. அப்படைப்போ, தான் நல்லவனாகவே இருந்ததாகவும் புறக்கணிப்பே தன்னைக் கொடியவனாக்கியதாகவும் வாதிடுகிறது. விக்டர் வைதுரைக்கும் இடங்களில் ‘அரக்கன்’ வரலாம். பிற இடங்களில் ‘படைப்பு’ என்பதே தக்கது. அச்சொல் படைத்தவனையும் உடன் நினைவூட்டும்.

6. முடிவுரை

மூலம் ‘அது’விலிருந்து ‘அவ’னுக்கு மாறுமிடத்தில் தமிழும் மாறவேண்டும், சீர்மை கருதி அதனைத் திருத்தலாகாது. வினை ஈற்றின் ஓர் எழுத்து, படைத்தவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவும் கூடும், கூண்டிலேற்றவும் கூடும்.