31 பைலுக்கு மேல இடம் இல்ல: பிபிசி மைக்ரோவும் கடைக்காரங்க எழுதுன டிஸ்க் சிஸ்டமும்

இன்னைக்கு ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிப்போம்: 31.

1984-ல மத்திய அரசோட மின்னணுத் துறை ‘கிளாஸ்’னு ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு. பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சொல்லித்தர்றதுக்கு. முதல்ல 250 பள்ளிகள். அதுக்காக எடுத்த மெஷின், இங்கிலாந்துல ஏகார்ன் கம்பெனி பண்ண பிபிசி மைக்ரோ. பின்னாடி மொகாலியில இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் இதையே எஸ்.சி.எல். யூனிகார்ன்ங்கிற பேர்ல இங்கயே தயாரிச்சுது. அதனால இது ஏதோ வெள்ளக்காரங்க கதைன்னு நினைச்சு ஸ்கிப் பண்ணிடாதீங்க.

மாடல் பி-க்கு ராம் 32 கேபி. இப்ப நீங்க வாட்ஸப்ல அனுப்புற ஒரு போட்டோவே அதைவிட பெருசு. இதுல ஃப்ளாப்பி டிரைவ் மாட்டணும்னா டிஎஃப்எஸ்னு ஒரு சிப்பை போர்டுல சொருகணும். ‘டிஸ்க் ஃபைலிங் சிஸ்டம்’. சொருகுனதும் அது தன்னோட வேலைக்குன்னு 2,816 பைட் மெமரியை எடுத்துக்கும். அதனால கேசட்ல ஓடுன சில புரோகிராம் டிஸ்க்ல ஏத்துனா இடம் பத்தாம நின்னுடும்.

இப்ப அந்த 31. டிஸ்க்கை 256 பைட் துண்டு துண்டா பிரிச்சிருப்பாங்க, ஒவ்வொண்ணும் ஒரு செக்டார். முதல் செக்டார்ல 8 பைட் டிஸ்க்கோட பேருக்கு. மிச்சம் 248. ஒரு பைல் பேருக்கு 8 பைட். 248-ஐ 8-ஆல வகுத்துப் பாருங்க, 31. அவ்வளவுதான் காரணம். அடுத்த செக்டார்ல அதே 31 பைலோட நீளம், எங்க ஆரம்பிக்குதுங்கிற விவரம். 80 டிராக் டிஸ்க்ல ஒரு பக்கம் 200 கேபி. பாதி டிஸ்க் காலியா கிடந்தாலும் 32-வது பைல் வந்தா ‘பட்டியல் நிறைஞ்சிடுச்சு’ன்னு கதவை சாத்திடும்.

இன்னொரு தொல்லை. ஒரு பைல் முழுசும் ஒரே இடத்துல தொடர்ச்சியா இருக்கணும். கீரனூர்ல புதுக்கோட்டை பஸ் ஏறுறீங்க, குடும்பத்தோட அஞ்சு பேர். சீட் அஞ்சு காலியா இருக்கு, ஆனா அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. நீங்களா இருந்தா பிரிஞ்சு உக்காருவீங்க. இந்த சிஸ்டம் உக்காராது, இறங்கிடும். கண்டக்டர் வந்து எல்லாரையும் முன்னாடி தள்ளி உக்கார வைக்கணும். அந்த கண்டக்டர் வேலைக்குப் பேர் ‘காம்பாக்ட்’ கட்டளை. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ஏகார்ன் பண்ண நல்ல காரியம் என்னன்னா, டிஎஃப்எஸ்ஸை மெஷினோட மெயின் சாஃப்ட்வேர்ல கலக்கல. தனி சிப். அதைப் புடுங்கிட்டு வேற யாரோட சிப்பையும் வைக்கலாம். மத்த கம்பெனிகள் உள்ள வந்தது இந்த வழியிலதான். ஏகார்ன் பயன்படுத்துன இன்டெல் 8271 கன்ட்ரோலர் விலை ஜாஸ்தி, சிங்கிள் டென்சிட்டி மட்டும்தான். சாலிடிஸ்க், ஓபஸ் மாதிரி கம்பெனிகள் வேற கன்ட்ரோலர் போட்டு டபுள் டென்சிட்டி கொடுத்தாங்க. 1985-ல பி பிளஸ் மாடல்ல ஏகார்னே 8271-ஐ விட்டுட்டு 1770-க்கு மாறிடுச்சு. கொஞ்சம் சிரிப்பாதான் இருக்கு.

எனக்குப் பிடிச்சது வாட்ஃபோர்ட் எலக்ட்ரானிக்ஸ். லண்டனுக்குப் பக்கத்துல வாட்ஃபோர்ட்ல இருந்த ஒரு உதிரிப்பாகக் கடை. அவங்க செஞ்சது ரொம்ப சிம்பிள்: பட்டியலுக்கு அடுத்த ரெண்டு செக்டாரையும் எடுத்து அங்க இரண்டாவது பட்டியல் போட்டாங்க. 31 ரெண்டு மடங்காகி 62. பழைய டிஸ்க்கும் அப்படியே ஓடும்.

ஆனா திருப்பி யோசிங்க. அந்த 62 பைல் டிஸ்க்கை சாதாரண ஏகார்ன் சிப் இருக்கிற மெஷின்ல போட்டா? எர்ரர் வராது. அமைதியா முதல் பட்டியலை மட்டும் காட்டும். இரண்டாவது பட்டியல் இருக்கிறதே அதுக்குத் தெரியாது. மத்த பைல்கள் இருக்கிற இடமெல்லாம் அதுக்கு வெறும் காலி மனை. புதுசா ஏதாவது சேவ் பண்ணா அது மேலயே எழுதிடலாம். ‘காம்பாக்ட்’ அடிச்சா இன்னும் மோசம், பைல்களை முன்னாடி தள்ளிக்கிட்டே வந்து இரண்டாவது பட்டியல் மேலயே உக்கார வச்சிடும். எர்ரர் காட்டி நின்னிருந்தா எவ்வளவோ தேவலாம். பாதி புரிஞ்சுக்கிற சிஸ்டம்தான் ஆபத்து.

ஏதாவது பழைய ஸ்கூல் பீரோவுல இந்தக் காலத்து அஞ்சேகால் இஞ்ச் ஃப்ளாப்பி கிடைச்சா, முதல்ல ஓரத்துல இருக்கிற சின்ன வெட்டு மேல ஸ்டிக்கர் ஒட்டுங்க. அப்பதான் எழுத விடாது. அப்புறம் முழு டிஸ்க்கையும் செக்டார் செக்டாரா காப்பி எடுங்க. அந்தக் காப்பியில மூணாவது செக்டாரோட முதல் எட்டு பைட்டைப் பாருங்க. எட்டும் 170-ன்னு இருந்தா அது வாட்ஃபோர்ட் டிஸ்க், உள்ள இன்னொரு பட்டியல் காத்துக்கிட்டு இருக்கு.