கோடிகள் புரளும் ஊரில் காசில்லாத ஆறு

மகாராஷ்டிர பட்ஜெட்டில் சுற்றுச்சூழலுக்கு ஒதுக்கப்படுவது சில்லறை. அந்தச் சில்லறையும் சென்று சேராத இடம் ஹிஞ்சேவாடி.

2025 ஜூன் 7, சனிக்கிழமை. மழைக்காலத்தின் ஆரம்ப நாட்கள்தான். ஆனால் புனேயின் மேற்கு எல்லையிலுள்ள ஹிஞ்சேவாடியில் சாலைகள் ஆறாகிவிட்டன. கண்ணாடிக் கட்டடங்களின் வாசலில் முழங்கால் அளவுத் தண்ணீர். கார்களும் இருசக்கர வாகனங்களும் அதில் தத்தளித்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நாட்டின் முன்னணி மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா இங்கேதான் இருக்கிறது. கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த தமிழ்ப் பொறியாளர்களுக்கும் இது வேலை தரும் ஊர்.

வானத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மழைநீரை மூளா ஆற்றுக்குக் கொண்டு சேர்த்துவந்த ஓடைகள் பல இடங்களில் மண் கொட்டி அடைக்கப்பட்டிருந்தன. சில இடங்களில் திசை மாற்றப்பட்டிருந்தன. தண்ணீர் தனக்குத் தெரிந்த பழைய வழியில் வந்தது. அங்கே சாலை இருந்தது.

அடுத்த மாதம், ஜூலை 26 அன்று, அப்போது துணை முதல்வராகவும் நிதி அமைச்சராகவும் இருந்த அஜித் பவார் விடியற்காலையிலேயே ஹிஞ்சேவாடிக்கு வந்தார். தகவல் தொழில்நுட்பப் பூங்கா பெங்களூருக்கும் ஹைதராபாதுக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்று உள்ளூர்த் தலைவரிடம் அவர் சலித்துக்கொண்டது கேமராவில் பதிவாகிச் செய்தியானது. சலிப்பு நியாயமானதுதான். ஆனால் மாநிலத்தின் பணப்பெட்டிச் சாவியை வைத்திருந்தவரும் அவரேதான்.

நூறு ரூபாயில் ஐந்து காசு

அந்தப் பெட்டியில் சுற்றுச்சூழலுக்கு என்ன இருந்தது? 2022-23ஆம் ஆண்டு பட்ஜெட்டையும் அஜித் பவாரே தாக்கல் செய்தார். மொத்தச் செலவு சுமார் 5.48 லட்சம் கோடி ரூபாய். சுற்றுச்சூழல் மற்றும் பருவநிலை மாற்றத் துறைக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 250 கோடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் நூறு ரூபாயில் ஐந்து காசுக்கும் குறைவு.

பெயருக்குப் பஞ்சமில்லை. 2020இல் துறையின் பெயரில் 'பருவநிலை மாற்றம்' சேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி 'மாஜி வசுந்தரா' (என் பூமி) இயக்கம் தொடங்கியது. 2023-24இல் தேவேந்திர பட்னாவிஸ் பட்ஜெட்டை ஐந்து 'அமிர்தங்களாக' வகுத்தபோது ஐந்தாவது அமிர்தமாகச் சுற்றுச்சூழலுக்கு இசைந்த வளர்ச்சியை வைத்தார்.

இந்தத் துறையின் பணம் மட்டுமே முழுக் கணக்கு என்று சொல்வது நியாயமாகாது. காடுகளுக்கான பணம் வனத்துறைக்குப் போகிறது. கழிவுநீர்த் திட்டங்கள் நகர வளர்ச்சித் துறை வழியாகவும் மத்திய அரசின் திட்டங்கள் வழியாகவும் வருகின்றன. தொழிற்சாலைகளைக் கண்காணிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பெரும்பாலும் அந்தத் தொழிற்சாலைகள் கட்டும் அனுமதிக் கட்டணத்தில் நடக்கிறது. 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலான தண்ணீர் வரியில் வாரியங்களுக்கும் பங்கு கிடைத்துவந்தது. ஜி.எஸ்.டி. வந்த 2017இல் அந்த வரியும் ஒழிந்தது.

பணம் இப்படிப் பல வாய்க்கால்களில் ஓடுவதால் ஒரு வசதி உண்டு. யாரையும் பிடித்துக் கணக்குக் கேட்க முடியாது.

ஆனால் கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கழிவுநீரையும் குப்பையையும் சரிவரக் கையாளத் தவறியதற்காக மகாராஷ்டிர அரசு 12,000 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றது. சுற்றுச்சூழல் துறையின் ஓராண்டு ஒதுக்கீட்டைப்போல சுமார் 48 மடங்கு! உச்ச நீதிமன்றம் பின்னர் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. உத்தரவு நின்றாலும் கழிவுநீர் நிற்கவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், நாடு முழுவதும் மாசுபட்டதாகக் கண்டறியப்பட்ட 311 ஆற்றுப் பகுதிகளில் 55 மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. மாநிலங்களில் முதலிடம்.

அக்கரைக்கு ஒரு நீதி

ஹிஞ்சேவாடியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆற்றைச் சுத்தப்படுத்தப் பணமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது மாநகராட்சிகளைத் தேடித்தான் போகிறது.

மூளா-மூட்டா ஆறுகளின் மாசைக் குறைக்க 990.26 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2016 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஜப்பானின் ஜைக்கா அமைப்பு கடன் தந்தது. செலவில் 85 சதவிகிதம் மத்திய அரசுடையது, மீதி புனே மாநகராட்சியுடையது. 11 சுத்திகரிப்பு நிலையங்கள், நாளொன்றுக்கு 39.6 கோடி லிட்டர் கொள்ளளவு. 2022 ஜனவரிக்குள் முடிப்பதாகத் திட்டம். டெண்டரில் வந்த தொகைகள் மதிப்பீட்டைத் தாண்டி எகிறின. ரத்து செய்து மறுபடி அழைத்தார்கள். முடிந்திருக்க வேண்டிய ஆண்டில், மார்ச் 6ஆம் தேதி, பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். செலவு அதற்குள் 1,470 கோடியைத் தாண்டியிருந்தது. தாமதத்தின் விலை மட்டும் ஏறக்குறைய 480 கோடி.

வடக்கே இருக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி வேறு வழி கண்டது. பவனா, மூளா ஆறுகளுக்காக 2023இல் கடன் பத்திரம் வெளியிட்டு 200 கோடி திரட்டியது. 2025 ஜூனில் பசுமைப் பத்திரம் மூலம் இன்னொரு 200 கோடி.

ஹிஞ்சேவாடி இந்த இரண்டிலும் சேராது. பல அடுக்கு மாடிகளும் பன்னாட்டு நிறுவனங்களும் நிறைந்திருந்தாலும் சட்டப்படி அது முள்ஷி தாலுகாவிலுள்ள ஒரு கிராமம். பக்கத்திலிருக்கும் மாண், மாருஞ்சி கிராமங்களுக்கும் இதே நிலைமை. தொழிற்பேட்டைக்குள் இருப்பது மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பு. கட்டட அனுமதியும் திட்டமிடலும் 2015இல் அமைந்த புனே பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பு. தெருவும் சாக்கடையும் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பு. கடன் பத்திரம் வெளியிட பஞ்சாயத்துக்கு வலு கிடையாது. ஜப்பான் கடனுக்குக் கை நீட்டவும் முடியாது.

எதிர்க்கரையைப் பாருங்கள். மூளாவின் அக்கரையிலுள்ள மாளுங்கே 2021இல் புனே மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. இந்தக் கரை பஞ்சாயத்து, அந்தக் கரை மாநகராட்சி. நடுவில் ஓடும் தண்ணீருக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது. அக்கரையில் கோடிகளைக் கொட்டிச் சுத்திகரித்தாலும் இக்கரை ஓடைகளிலிருந்து கழிவுநீர் கலந்தால் கதை பழைய கதைதான்.

மூன்று முறை கட்டுபவர்கள்

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு முன் அனுமதி வேண்டும். சொந்தக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அதன் வழக்கமான நிபந்தனை. விளைவு, அரசு கட்ட வேண்டிய நிலையத்தைக் குடியிருப்போர் வாங்கி, மின்கட்டணம் கட்டி, ஆள் வைத்து நடத்துகிறார்கள். கோடையில் லாரித் தண்ணீருக்கும் அவர்களே பணம் தருகிறார்கள். இவற்றுக்கு மேல் வரி. மூன்று முறை பணம் கட்டியும் மழை வந்தால் வாசலில் சாக்கடை.

பெரிய வளாகங்களுக்காவது நிலையம் உண்டு. அவற்றைச் சுற்றி முளைத்த சிறு கட்டடங்கள், விடுதிகள், உணவகங்கள், தொழிலாளர் குடியிருப்புகள் ஆகியவற்றின் கழிவுநீருக்கு ஓடையே குழாய்.

இதன் முடிவு புனேயில் இல்லை. மூளா புனேயில் மூட்டாவைச் சேர்கிறது. மூளா-மூட்டா பீமாவில் கலக்கிறது. பீமா உஜனி அணையில் தேங்குகிறது. சோலாப்பூர் நகரம் அந்த அணைத் தண்ணீரைக் குடிக்கிறது. அதற்கும் கீழே, பண்டரிபுரத்தில், அதே பீமா சந்திரபாகா என்ற பெயரில் பாய்கிறது. ஆடி ஏகாதசிக்கு லட்சக்கணக்கான வார்க்கரிகள் நாள்கணக்கில் நடந்து வந்து மூழ்கி எழுவது இந்தத் தண்ணீரில்தான். ஹிஞ்சேவாடியில் சேமித்த காசுக்கு வட்டி கட்டுபவர்கள் அவர்கள்.

வழி இல்லாமல் இல்லை

மற்ற மாநிலங்கள் குறிப்பிட்ட ஒரு வேலைக்கென்று தனியாகப் பணம் எடுத்துவைக்க முயல்கின்றன. தமிழ்நாடு 2023-24 பட்ஜெட்டில், உலக வங்கி உதவியோடு ஐந்தாண்டுகளில் 2,000 கோடி ரூபாயில் 'நெய்தல் மீட்சி இயக்கம்' அறிவித்தது. நிதிக்குழுக்களும் விழித்துக்கொண்டிருக்கின்றன. வரிப் பங்கீட்டில் காட்டுப் பரப்புக்கு 14ஆவது நிதிக்குழு 7.5 சதவிகித எடை தந்தது. 15ஆவது நிதிக்குழு அதைப் பத்தாக உயர்த்தியது. ஆனால் காட்டுக்குக் கிடைக்கும் மதிப்பெண் ஓடைக்குக் கிடைப்பதில்லை. காடு பெருகினால் மாநிலத்துக்கு வருமானம். ஓடை செத்தால் யாருக்கும் நஷ்டக் கணக்கு எழுதப்படுவதில்லை.

2025 வெள்ளத்துக்குப் பிறகு ஓடைகளை மறித்த ஆக்கிரமிப்புகள் சில அகற்றப்பட்டன. பல துறைகளின் வேலையைப் பெருநகர ஆணையம் ஒருங்கிணைக்கும் என்று முடிவானது. மாநகராட்சியோடு இணைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் வலுத்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அதிகாரிக்குப் பொறுப்பைக் கொடுத்துப் பணத்தைக் கொடுக்காவிட்டால் அவரும் இன்னொரு கடிதம் எழுதுபவராகத்தான் இருப்பார்.

இத்தனை ஓடைகள், இத்தனை கிலோமீட்டர் குழாய், இத்தனை நிலையங்கள், இந்த ஆண்டுக்குள் என்று பட்ஜெட்டில் ஒரு வரி எழுதினால் போதும். மென்பொருள் ஏற்றுமதியில் நாடு பெருமைப்படும் ஊருக்கு அந்த ஒரு வரியை எழுதும் வசதிகூடவா மாநிலத்துக்கு இல்லை? அந்த வரி வரும் வரை ஒவ்வொரு ஜூனிலும் ஓடைகள் தங்கள் பழைய இடத்தைத் தேடி வந்துகொண்டுதான் இருக்கும்.