ஃபோல்டர் எந்த லைனில் போகிறது?

ஒரு ஃபோல்டரைத் திறந்து ‘டீடெயில்ஸ்’ தோற்றத்துக்கு மாற்றி வைக்கிறீர்கள். அடுத்த ஃபோல்டர் மறுபடியும் பெரிய பெரிய படங்களாகத் திறக்கிறது. “எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையில் மாற்ற முடியாதா?” என்று கேட்கிறீர்கள். முடியும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். விண்டோஸ் என்ன நினைத்துக்கொண்டு இப்படிச் செய்கிறது என்று தெரிந்துவிட்டால், எந்தப் பட்டனை அழுத்துவது என்பது தானே பிடிபடும்.

நம் பாகாலா ஜங்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து வரும் வண்டி இங்கிருந்து திருப்பதிப் பக்கமும் போகலாம், தர்மாவரம் பக்கமும் போகலாம். விண்டோஸும் ஒவ்வொரு ஃபோல்டரையும் ஏதாவது ஒரு லைனில் விடுகிறது. மொத்தம் ஐந்து லைன்: ஜெனரல் ஐட்டம்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ். உள்ளே என்ன இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். நீங்கள் எல்லா ஃபோல்டருக்கும் என்று நினைத்துச் செய்யும் மாற்றம், உண்மையில் ஒரு லைனுக்கு மட்டும்தான் போய்ச் சேரும்.

வீட்டில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். பட்டாதார் பாஸ்புக், அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்து ‘நிலம்’ என்ற ஃபோல்டரில் போட்டிருப்பீர்கள். நமக்கு அவை பத்திரங்கள். விண்டோஸுக்கு அவை படங்கள். அதனால் அந்த ஃபோல்டரை பிக்சர்ஸ் லைனில் விட்டுவிடும். பெயரும் தேதியும் வரிசையாகத் தெரிய வேண்டிய இடத்தில், ஒரே மாதிரி இருக்கும் வெள்ளைத் தாள்கள் கட்டம் கட்டமாக நிற்கும்.

ஆகவே முதல் வேலை லைனை மாற்றுவது. ‘நிலம்’ ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். அதில் கஸ்டமைஸ் என்ற பக்கம் இருக்கும். ‘ஆப்டிமைஸ் திஸ் ஃபோல்டர் ஃபார்’ என்ற இடத்தில் டாக்குமென்ட்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். அதன் கீழே உள்ள சின்னக் கட்டத்தில் டிக் போட்டால் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களும் அதே லைனுக்கு வந்துவிடும். ஓகே கொடுங்கள்.

இரண்டாவது, தோற்றத்தை அமைப்பது. ஃபோல்டரைத் திறந்து வியூவில் டீடெயில்ஸ் வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு 6-ஐத் தட்டினாலும் அதுவே வரும். மேலே உள்ள தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்தால் வேண்டிய பத்தியைச் சேர்க்கலாம், வேண்டாததை எடுக்கலாம். ஒரு தலைப்பைக் கிளிக் செய்தால் அதன்படி வரிசை மாறும்.

மூன்றாவது, அந்த லைன் முழுவதற்கும் அதைச் சொல்லிவிடுவது. விண்டோஸ் 11 என்றால் மேலே மூன்று புள்ளிகளைத் தொட்டு ஆப்ஷன்ஸ். விண்டோஸ் 10 என்றால் வியூ பக்கத்தின் வலது ஓரத்தில் ஆப்ஷன்ஸ். திறக்கும் பெட்டியில் வியூ பக்கம் போய் ‘அப்ளை டு ஃபோல்டர்ஸ்’ அழுத்தி, கேட்டால் யெஸ் சொல்லுங்கள். இனி டாக்குமென்ட்ஸ் லைனில் போகும் ஃபோல்டர்கள் இப்படியே திறக்கும். கல்யாணப் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, பிக்சர்ஸ் லைனுக்கும் இதே மாதிரி ஒரு தடவை செய்யுங்கள். அங்கே பெரிய படங்களே இருக்கட்டும். பிடிக்கவில்லையா? பக்கத்திலேயே ‘ரீசெட் ஃபோல்டர்ஸ்’ இருக்கிறது. அந்த லைன் பழையபடி ஆகிவிடும். ஃபைல் எதற்கும் ஒன்றும் ஆகாது.

டவுன்லோட்ஸ் ஃபோல்டர் தனி ரகம். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, ‘இன்று’, ‘நேற்று’, ‘போன வாரம்’ என்று கட்டுக் கட்டாகப் பிரித்துக் காட்டுகிறது. பிடிக்காதவர்கள் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து, ‘குரூப் பை’யில் ‘நன்’ என்று வைத்தால் போதும்.

இவ்வளவு தூரம் வந்ததற்கு இன்னொன்றையும் மாற்றிவிடுங்கள். விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் வாலை, அதாவது புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளை, மறைத்துவிடும். 2000 மே மாதம் உலகத்தையே கலக்கிய ‘ஐ லவ் யூ’ வைரஸ் அந்தப் பழக்கத்தை நம்பித்தான் வந்தது. மின்னஞ்சலோடு வந்த ஃபைலின் பெயரில் முதலில் டெக்ஸ்ட் ஃபைலின் வால், அதற்குப் பிறகு நிஜ வாலான விபிஎஸ். நிஜ வால் மறைந்ததால் பலர் சாதாரணக் கடிதம் என்று திறந்தார்கள். விண்டோஸ் 11-இல் வியூவுக்குள் ஷோ, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’. விண்டோஸ் 10-இல் வியூ பக்கத்திலேயே அதே பெயரில் கட்டம். டிக் போட்டுவிட்டால் பிடிஎஃப் வேஷத்தில் வரும் இஎக்ஸ்இ அகப்பட்டுக்கொள்ளும்.

இந்தத் தோற்ற அமைப்பெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் லாகினில் மட்டும்தான் இருக்கும். மகன் தன் லாகினில் நுழைந்தால் அவன் பார்ப்பது வேறு. பென்டிரைவை ஜெராக்ஸ் கடைக்கோ மீசேவா மையத்துக்கோ கொண்டுபோனால், அங்குள்ள கம்ப்யூட்டர் தன் இஷ்டப்படிதான் காட்டும். ஃபைலோடு கூடவே போவதில் நம்பக்கூடியது அதன் பெயர்தான்.

அதனால் பெயரைக் கவனமாக வையுங்கள். நம் வீடுகளில் சில ஃபைல்களுக்குத் தமிழில் பெயர், சிலவற்றுக்குத் தெலுங்கில், மீதி இங்கிலீஷில். பெயர்ப்படி அடுக்கினால் இங்கிலீஷ் எல்லாம் மேலே போய்விடும், மற்றவை கீழே தனியாக நிற்கும். மாவட்டப் பெயரை நம்பியும் தேட முடியாது: 2022 ஏப்ரல் 4 முதல் பாகாலா திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது, அதற்கு முந்தைய காகிதங்களில் சித்தூர் என்றுதான் இருக்கும். பெயரின் முதலில் வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணை எழுதி, பிறகு எந்த மொழியில் வேண்டுமானாலும் விவரத்தை எழுதுங்கள். ‘2022-03-15 அடங்கல்’ என்று இருந்தால், எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பெயர்ப்படி அடுக்கியதும் காலவரிசை வந்துவிடும். லைனை மாற்றும் வேலை பத்து நிமிஷம். பெயர் மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். நிலக் காகிதங்களிலிருந்து தொடங்குங்கள். அவசரத்துக்குத் தேடுவது அவற்றைத்தான்.