அம்பிகாவைத் தேடி வருஷாந்திர விசிட்

மூணாவது வருஷமும் போயாச்சு மக்களே!

சரஸ்வதி பூஜை அன்னிக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாதுங்கறது சின்ன வயசுல இருந்து நான் விடாம கடைப்பிடிக்கிற ஒரே கொள்கை. (மத்த 364 நாளும் தொடறியான்னு யாரும் கேக்கப்படாது.) அமெரிக்கா வந்தும் கொள்கையை விட மனசில்லை. அன்னிக்கு மட்டும் தீசிஸை மூடி வெச்சுட்டு, மேரிலாந்துல இருந்து மெட்ரோ புடிச்சு வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவுக்குப் போயிருவேன். 2023, 2024, 2025னு மூணு தடவை ஆச்சு. "மாஸ்டர்ஸ் படிக்கிற ஆளு, கூட ஒரு குழந்தை கூட இல்லாம ஜூவுக்கா?"ன்னு லேப்ல ஒரு மாதிரி பாக்கறாங்க. பாக்கட்டும். டிக்கெட் ஓசி. ஸ்மித்சோனியன் நடத்தறதால காசு கிடையாது, நுழைவுச் சீட்டை மட்டும் முன்னாடியே நெட்ல எடுத்து வெச்சுக்கணும்.

போற ஆளுங்களுக்கு ஒரு டிப்ஸ். பேர்ல ஜூ இருக்கேன்னு வுட்லி பார்க் ஸ்டேஷன்ல இறங்கிராதீங்க, ஏத்தம் ஏறணும். ஒரு ஸ்டேஷன் தள்ளி கிளீவ்லேண்ட் பார்க்ல இறங்கினா சமதரையா நடந்து உள்ள போயிரலாம். திரும்பறப்ப வுட்லி பார்க் பக்கம் இறக்கத்துல இறங்கிக்கலாம்.

எல்லாரும் கேக்கறது பாண்டாவைப் பத்தித்தான். முதல் வருஷம் போனப்ப செம கூட்டம். அடுத்த ரெண்டே வாரத்துல, நவம்பர் 8 அன்னிக்கு, மூணு பாண்டாவும் சீனாவுக்குக் கிளம்பப் போகுதுன்னு ஜனம் அலைமோதிச்சு. 2024ல நான் போனது அக்டோபர் 11. புது ஜோடி வந்து இறங்கினது 15ஆம் தேதி. நம்ம ராசி! பாண்டா சீனாவோட சொத்து, ஒப்பந்தம் போட்டு அனுப்பறாங்க, காலம் முடிஞ்சா திருப்பிக் கூட்டிட்டுப் போயிடறாங்க. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வரும்.

ஒராங்குட்டானையும் சொல்லாம விட முடியாது. 1995ல இருந்து உசரமான கம்பங்களுக்கு நடுவுல கம்பி கட்டி விட்டிருக்காங்க. அது பாட்டுக்கு ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்கு நம்ம தலைக்கு மேலயே தொங்கிட்டுப் போகும். போறதும் போகாததும் அதோட இஷ்டம். கீழ நாம வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கணும். யார் யாரை வேடிக்கை பாக்கறாங்கன்னு ஒரு குழப்பம் வரும் பாருங்க, அதுக்காகவே போலாம்.

ஆனா நான் போறது யானைக்காக. அதுவும் நான் நேர்ல பாக்கவே பாக்காத ஒரு யானைக்காக.

நமக்கு ஊர் பொள்ளாச்சி. அப்பிச்சி ஆனைமலைப் பக்கம் மர லாரி ஓட்டினவர். மலை மேல யானைங்க மரத்தைத் தள்ளிட்டு வந்து அடுக்கற கதை கேட்டு வளந்த ஆளு நான். இங்க அட்மிஷன் கிடைச்சப்ப ஊரைப் பத்திப் படிச்சதுல கண்ணுல பட்டவதான் அம்பிகா. 1948 வாக்குல பிறந்தவ. எட்டு வயசு வாக்குல குடகுக் காட்டுல புடிபட்டு, 1961 வரைக்கும் மரம் இழுத்திருக்கா. அப்பறம் 'இந்தியக் குழந்தைகளின் பரிசு'ன்னு சொல்லி வாஷிங்டனுக்கு அனுப்பிட்டாங்க. (எந்தக் குழந்தையைக் கேட்டாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.) அந்தக் காலத்துல இது சகஜம். ஜப்பான் குழந்தைங்க கேட்டாங்கன்னு 1949லயே நேரு இந்திரான்னு ஒரு யானையை டோக்கியோவுக்கு அனுப்பி வெச்சார். பாண்டா திரும்பிப் போகும். பரிசா வந்தது திரும்பிப் போகாது. அம்பிகா கிட்டத்தட்ட 59 வருஷம் இங்கயே இருந்தா. 2020 மார்ச் 27 அன்னிக்கு, மூட்டு வலி தாங்க முடியாம போனப்ப, டாக்டருங்களே கருணைக்கொலை செஞ்சாங்க. வயசு 72 வாக்குல. கொரோனாவுக்காகப் பூங்காவை மூடி ரெண்டு வாரம் ஆகியிருந்த சமயம், பாக்க வந்த ஜனம்னு ஒருத்தர் இல்லை. கூட இருந்த சாந்தியும் போஸியும் மட்டும் பக்கத்துல போய்ப் பாக்க விட்டாங்களாம்.

சாந்தி 1970கள்ல இலங்கைக் குழந்தைகளோட பரிசா வந்தவ. மவுத் ஆர்கன் வாசிப்பா, அதுவும் கடைசியில சுதியை ஏத்தி முடிப்பா. அவளும் அதே 2020 ஜூன்ல போயிட்டா. அவ பையன் கந்துலா 2001ல இங்க பிறந்தவன். எட்டாத உயரத்துல பழத்தைக் கட்டி வெச்சா, ஒரு பெட்டியை உருட்டிட்டு வந்து அது மேல ஏறி நின்னு எடுத்தவன். 2011ல அதை வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தது. ஏழு வயசுல அவன் பண்ணின பிராப்ளம் சால்விங்ல பாதி எனக்கு வந்திருந்தா தீசிஸ் எப்பவோ முடிஞ்சிருக்கும் :-)

2024ல நான் ரொம்ப நேரம் பாத்தது கமலாவை. (அந்த அக்டோபர்ல வாஷிங்டன்ல கமலான்னா வேற ஆளைத்தான் நினைப்பாங்க, அது தனிக் கதை.) இவளும் இலங்கையில பிறந்தவ. குட்டியா கனடாவோட கால்கரிக்குப் போய், அந்தக் குளிர்ல முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல இருந்துட்டு 2014ல இங்க வந்தா. கூட அவ பொண்ணு மகாராணி. நான் பாத்துட்டு வந்த அடுத்த மாசமே கமலாவும் இல்லை. அவளுக்கும் மூட்டுதான்.

இந்த இடத்துலதான் என் ரூம்மேட்டோட வருஷா வருஷம் சண்டை. அவன் சுத்த வீகன். "அது ஜெயில், நீ வருஷத்துக்கு ஒரு தடவை மனு போட்டுப் பாக்கப் போற"ம்பான். பாதி ஒத்துக்கறேன். இந்தப் பூங்காவைத் தொடங்கி வெச்ச ஹார்னடேயோட கதையே அப்படித்தான். 1870கள்ல நம்ம ஆனைமலைக்கே வந்து, மியூசியத்துக்குன்னு மிருகங்களைச் சுட்டுத் தள்ளினவர். 1886ல மொன்டானாவுக்குக் காட்டெருமை தேடிப் போனப்பதான், கோடிக்கணக்குல இருந்த இனம் அழியற நிலையில இருக்கறது உறைச்சிருக்கு. ஸ்மித்சோனியன் கட்டடத்துக்குப் பின்னாடி கொஞ்சம் காட்டெருமையைக் கட்டி வெச்சு ஆரம்பிச்சதுதான் 1889ல தேசிய உயிரியல் பூங்காவாச்சு.

மீதிப் பாதிக்கு என்கிட்ட இருக்கற பதில் குமாரி. சாந்தியோட முதல் குட்டி. 1995ல பதினாறு மாசக் குட்டியா இருக்கறப்ப திடீர்னு செத்துப் போச்சு. ஏன்னு விடாம தோண்டினவங்க, யானைக் குட்டிங்களைக் கொல்ற ஒரு ஹெர்பஸ் வைரஸைக் கண்டுபுடிச்சு 1999ல வெளியிட்டாங்க. அதே வைரஸ்தான் நம்ம பக்கம் கேரளா, கர்நாடகா, தமிழ்நாட்டுக் காட்டுலயும் குட்டிங்களைக் கொல்லுதுன்னு 2013ல கட்டுரை வந்தது. குமாரியை அறுத்துப் பாத்திருக்காட்டி, முதுமலையில சாகற குட்டிக்கு என்ன வியாதின்னு பேராவது தெரிஞ்சிருக்குமா? "அதுக்காக இன்னும் எத்தனை?"ன்னு அவன் கேப்பான். அதுக்கு மேல சண்டை நகராது. பரிசுன்னு யானையை நாடு கடத்தற வேலையை யாரும் இனிமே செய்யக்கூடாதுங்கறதுல மட்டும் ரெண்டு பேரும் ஒரே கட்சி.

இந்தத் தடவை, 2025 அக்டோபர் 1, அரசாங்கமே இழுத்து மூடின முதல் நாள். பூங்கா இருக்குமோ இருக்காதோன்னு பக்கு பக்குன்னு போனா, கையிருப்புப் பணத்துல 11ஆம் தேதி வரைக்கும் ஓட்டினாங்க, 12ல இருந்து மூடிட்டாங்க. மகாராணி மண்ணை அள்ளி முதுகுல போட்டுக்கிட்டு நின்னா. முக்கால் மணி நேரம் நின்னேன். பக்கத்துல ஒரு அம்மா தன் பையன்கிட்ட "ஆப்பிரிக்கா யானை"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. நான் வாயைத் திறக்கலை, காதைப் பாத்தாலே தெரிய வேண்டாமா!

ராத்திரி ஊருக்குப் போன் போட்டு போட்டோ எல்லாம் அனுப்பினேன். கோழிகமுத்தி முகாம்ல கும்கி கலீமுக்கு 2023ல அறுபது வயசுல வனத்துறை சல்யூட் அடிச்சு ரிட்டயர்மெண்ட் குடுத்ததை டிவியில பாத்ததுல இருந்து, அம்மாவுக்கு யானைன்னா தனி மரியாதை. மகாராணி போட்டோவைப் பெருசாக்கிப் பாத்துட்டு அவங்க கேட்டது ஒண்ணுதான். "ஏங் கண்ணு, அங்க அதுக்குக் கரும்பு குடுப்பாங்களா?"

வைக்கோல்தான் பாத்தேன்னு சொன்னேன்.

"ஐயோ பாவம்"னுட்டு, பூஜைக்குப் பண்ணின சுண்டலைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.