பக்கவாதம் திடீர்னு வர்றதில்லை: பிரஷர், உப்பு, மாத்திரையில் கவனிக்க வேண்டியது என்ன?

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்..." பக்கவாதம் (ஸ்ட்ரோக்) வந்தவர்களின் வீட்டில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. வெளியே இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால், ரத்தக் குழாய்களுக்குள் பாதிப்பு பல வருஷங்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். அதைத் தடுக்க நமக்கும் அத்தனை வருஷம் அவகாசம் இருக்கிறது என்பதுதான் இதில் நல்ல செய்தி.

32 நாடுகளில் நடத்தப்பட்ட 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு 2016-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. உயர் ரத்த அழுத்தம், புகை, மது, சர்க்கரை நோய், உணவு, உடலுழைப்புக் குறைவு, தொப்பை, கொழுப்பு, மன அழுத்தம், இதய நோய் ஆகிய 10 காரணங்களோடு சுமார் 90 சதவீத பக்கவாதத்துக்குத் தொடர்பு உண்டு என்றது அந்த ஆய்வு. இதில் முதலிடம் ரத்த அழுத்தத்துக்கு, அதாவது நாம் 'பிரஷர்' என்று சொல்வதற்கு.

பிரஷர் மூளையை என்ன செய்கிறது?

அழுத்தம் தொடர்ந்து அதிகமாக இருந்தால் ரத்தக் குழாயின் உள்சுவர் சேதமாகிறது. சேதமான இடத்தில் கொழுப்பு படிந்து குழாய் குறுகும். அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அந்தப் பகுதி மூளைக்கு ரத்தம் போகாது. பெரும்பாலான பக்கவாதம் இந்த வகைதான். இன்னொரு வகையில், பலவீனமான குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசியும். இரண்டுக்குமே பிரஷர் முக்கியக் காரணம்.

'தலைசுத்தல் இல்லையே, எனக்கு எதுக்கு செக்கப்?'

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறோம். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட் வேண்டாம். 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். அளக்கும்போது பேசாதீர்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை வீட்டுக் கணக்காகவே பார்க்கலாம். 4 பேர் இருக்கும் வீட்டுக்கு மாதம் 600 கிராம்தான் அளவு. கடையில் வாங்கும் மிக்சரும் ஹோட்டல் சாப்பாடும்கூட இதற்குள்தான் அடங்க வேண்டும். ஆனால், சமையலுக்கே ஒரு கிலோ பாக்கெட் தீர்ந்துவிடுகிறதா? அப்படியென்றால் அளவு தாண்டிவிட்டது.

குழம்பில் மட்டும் உப்பைக் குறைத்தால் போதாது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வத்தல், கருவாடு எல்லாமே உப்பில் ஊறியவை. சோறு வடிக்கும்போது உப்பு போடுவது, தயிர் சாதத்தில் மேலே தூவுவது இரண்டையும் முதலில் நிறுத்தலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான்.

உப்பைக் குறைத்தால் உண்மையிலேயே பலன் கிடைக்குமா? சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதி கிராமங்களில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். அங்கே பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021-ல் முடிவு வெளியானது. ஆனால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த உப்பு ஆபத்தாகலாம். சில பிரஷர் மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. மருத்துவரிடம் கேட்காமல் மாற வேண்டாம்.

'நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திடலாமா?'

கூடாது. நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். நீங்களாக நிறுத்தினால் பிரஷர் மறுபடி ஏறும். உப்பும் எடையும் குறைந்து, நடையும் கூடினால் மருத்துவரே அளவைக் குறைக்கலாம். ஆனால், அந்த முடிவு அவருடையது. மாதாமாதம் மருத்துவமனைக்கு அலைய முடியாததால் மாத்திரையை விடுபவர்களும் உண்டு. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

வேறென்ன செய்யலாம்?

* வாரத்தில் 150 நிமிடம் வேகமான நடை. அதாவது தினமும் அரை மணி நேரம், 5 நாட்கள்.
* புகையை முழுசாக விடுங்கள். 'ஒண்ணே ஒண்ணு' என்ற கணக்கும் ஆபத்துதான்.
* மது வேண்டாம்.
* சர்க்கரை, கொழுப்பு அளவையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.
* நெஞ்சு தாறுமாறாகப் படபடத்தால் ஈசிஜி எடுங்கள். சீரற்ற இதயத் துடிப்பால் உருவாகும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைக்கலாம்.

வந்துவிட்டால்?

சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கினால் ஒன்று இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி, பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் தரும். எனவே, சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போவது நல்லது. வீட்டில் சோடா, தண்ணீர், ஆஸ்பிரின் எதுவும் கொடுக்க வேண்டாம். புரையேறலாம், ரத்தக்கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். அது பெரிய பக்கவாதத்துக்கான முன்னெச்சரிக்கையாக இருக்கலாம்.

வீட்டில் கடைசியாக யாருக்கு எப்போது பிரஷர் பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஞாபகம் வரவில்லை என்றால், இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.