வேலையை விட்டுட்டு எம்.டெக் படிக்கலாமா? மந்தாரக்குப்பத்து இன்ஜினியருக்கு ஒரு கணக்கு

1962-ல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-ல் மூடப்பட்டது. அதன் இடத்தில் தலா 500 மெகாவாட் திறனில் இரண்டு புதிய யூனிட்டுகள் வந்துவிட்டன. மெஷின் மாறிடுச்சு, பத்து வருஷத்துக்கு முன்னாடி படிச்ச பி.இ. அப்படியே இருக்கு. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடெடுத்து, ஷிஃப்ட் போய் வரும் இன்ஜினியருக்கு ‘மறுபடி படிக்கலாமா?’ என்று தோன்றுவது இயல்பு.

முதலில் பணம். கேட் ஸ்கோரோடு முழுநேர எம்.டெக் சேர்ந்தால் ஏ.ஐ.சி.டி.இ. உதவித்தொகை மாதம் ரூ.12,400, அதிகபட்சம் 24 மாதம். இப்போது கைக்கு ரூ.40,000 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருஷத்தில் விட்டுக்கொடுப்பது ரூ.6,62,400. பைக் இ.எம்.ஐ., தங்கச்சி கல்யாணம் எல்லாம் இதற்கு மேல். கான்ட்ராக்ட் கம்பெனியில் இருப்பவர் பெரும்பாலும் ராஜினாமா செய்துவிட்டுத்தான் போகணும். நிரந்தர ஊழியர் என்றால் படிப்பு விடுப்பு கிடைக்குமா, திரும்பி வந்து எத்தனை வருஷம் வேலை செய்யணும் என்று பாண்ட் உண்டா என எச்.ஆரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வேலையை விடாமலும் வழி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கென இணையவழி எம்.டெக் நடத்துகிறது, கேட் கட்டாயமில்லை. ஆனால் நைட் ஷிஃப்ட் வாரத்தில் மாலை வகுப்பு எப்படி என்று யோசிக்கணும்.

கேட் எழுத வயது வரம்பு கிடையாது, ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும். பெரும்பாலான தாள்களில் நூறு மார்க்கில் கணிதம் 13, பொதுத்திறன் 15. ஆலையில் இருந்தவர்களுக்கு இந்தக் கணிதம்தான் கைவிட்டுப் போயிருக்கும். அங்கிருந்து ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம். இன்னொரு லாபம், பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் ஆள் எடுப்பது இதே ஸ்கோரை வைத்துத்தான். என்.எல்.சி.யும் எடுத்திருக்கிறது.

அனுபவத்துக்கு உண்மையான மதிப்பு கிடைப்பது ஆராய்ச்சி சார்ந்த எம்.எஸ். இன்டர்வியூவில். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ராப்பகலாகப் பம்ப் செய்யாவிட்டால் சுரங்கத்தின் தரையே வெடித்துக் கிளம்பும். அந்தப் பம்புகளோடு மூன்று வருஷம் மாரடித்தவரிடம் ஒரு பேராசிரியருக்குக் கேட்க நிறைய இருக்கும்.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் திறக்கும். தேர்வு பிப்ரவரியில்.