தோற்காத அணி, கிட்டாத மாஸ்கோ

ஒரு பருவம் முழுவதும் தோல்வி காணாத அணிகளை விளையாட்டு வரலாறு தனியாக நினைவில் வைத்திருக்கிறது. வலிமையான எதிரணியை ஒரு நாள் வீழ்த்துவதற்கு வேகமும் நல்வாய்ப்பும் போதும் என்றாலும், காயம், களைப்பு, மழை, நடுவரின் தவறான தீர்ப்பு ஆகியவற்றையெல்லாம் தாண்டி அடுத்தடுத்த ஆட்டங்களில் தோற்காமல் நிற்பதற்கு அணி முழுவதிலும் ஊறிய கட்டுப்பாடு வேண்டும் என்பதே அதற்குக் காரணம். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, எதிர்ப்பவர்களை மோதித் தள்ளியபடி முன்னேறும் அமெரிக்கக் காற்பந்தின் தொடக்ககாலக் கல்லூரி அணிகளுள், டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில் அமைந்த செவானி என்னும் சிறு பல்கலைக்கழகத்தின் அணி இதற்குப் பெயர்பெற்றது. 1899இல் 12 ஆட்டங்களை ஆடி 12இலும் வென்ற அவ்வணி மொத்தம் 322 புள்ளிகளைக் குவித்து, எதிரணிகளுக்கு 10 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 9 முதல் 14 வரையிலான ஆறு நாள்களில், ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நீண்ட ரயில் பயணத்தின் இடையே டெக்சஸ், லூசியானா, டென்னசி ஆகிய மாநிலங்களில் ஐந்து அணிகளைச் சந்தித்து, அவற்றுள் ஒன்றுக்கும் ஒரு புள்ளிகூட விடாமல் திரும்பியது.

அந்த விளையாட்டு மலேசியாவில் வேரூன்றவில்லை. இங்கு மக்களின் விளையாட்டு காலால் ஆடும் காற்பந்துதான். அந்தக் காற்பந்தில் தோல்வி காணாத ஒரு பயணத்தை மலேசியத் தேசிய அணி 1980இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நிகழ்த்திக் காட்டியது. அதன் விவரங்கள் தமிழ் வாசகர்களிடையே இன்னும் பரவலாக அறியப்பட வேண்டும்.

மாஸ்கோ ஒலிம்பிக் போட்டிக்கான ஆசியத் தகுதிச் சுற்றின் ஒரு பிரிவில் மலேசியா, தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, புருணை, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகள் இடம்பெற்றன. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தையும் ஒரு முறை சந்தித்த பின், முதல் இரண்டு இடங்களைப் பெறும் அணிகள் மீண்டும் மோதி, வென்ற அணி மட்டுமே மாஸ்கோ செல்லும் என்பது ஏற்பாடு. இந்த ஏற்பாடு மலேசியாவுக்குக் கடுமையான ஒன்றாக அமைந்தது. லீக் சுற்றில் தென் கொரியாவை 3-0, புருணையை 3-1, பிலிப்பைன்ஸை 8-0, இந்தோனேசியாவை 6-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி, ஜப்பானுடன் 1-1 எனச் சமநிலை கண்டு முதலிடம் பெற்றிருந்தும், ஏற்கெனவே வென்ற அதே தென் கொரியாவை அவ்வணி மறுபடியும் வெல்ல வேண்டியிருந்தது. ஏப்ரல் 6 அன்று நடந்த அந்த இறுதி ஆட்டம் 1-1 என்ற நிலையில் முடிவை நெருங்கிய வேளையில், ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்க, மலேசியா 2-1 என வென்றது. ஆறு ஆட்டங்களில் ஐந்து வெற்றி, ஒரு சமநிலை. அடித்த கோல்கள் 23, வாங்கியவை 4.

இந்த எண்களுள் பெரிதும் மதிக்கத்தக்கது கடைசி எண்ணே எனலாம். தரத்தில் வெகுவாகத் தாழ்ந்த அணிக்கு எதிராகக் கோல் மழை பொழிவது அரிதன்று. கொரியாவையும் ஜப்பானையும் உள்ளடக்கிய ஒரு தொடரில் எந்த ஆட்டத்திலும் ஒரு கோலுக்கு மேல் வாங்காமல் நிற்பதுதான் அரிது. அந்தத் தற்காப்பின் நடுவில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றனர். அவர்களுக்குப் பின்னால், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று ரசிகர்களால் அழைக்கப்பட்ட கோல் காவலர் ஆர். ஆறுமுகம் நின்றார். கோல் காவலர் தவறினால் அவருக்குப் பின்னால் காப்பதற்கு எவரும் இல்லை என்பதால், தோல்வி காணாத தொடரின் சுமை மற்ற எவரையும்விட அவர் மீதே கூடுதலாக விழுகிறது. சிலாங்கூர் அணியின் வழியாகத் தேசிய அணிக்கு வந்த ஆறுமுகம், 1988இல் சாலை விபத்தில் உயிரிழந்தது மலேசியக் காற்பந்துக்கும் இந்நாட்டுத் தமிழருக்கும் நேர்ந்த பேரிழப்பு. நடுக்களத்தில் பினாங்கின் சுக்கோர் சாலே, தாக்குதலில் சபாவின் ஹசான் சானி, ஜேம்ஸ் வோங் எனப் பல மாநிலங்களிலிருந்தும் பல இனங்களிலிருந்தும் வந்தவர்களை ஒரே அணியாக இயங்கச் செய்தவர் ஜெர்மானியப் பயிற்றுநர் கார்ல் ஹெய்ன்ஸ் வெய்காங்.

மலேசியா இவ்வாறு தோற்காமல் தகுதி பெற்றது இது முதல் முறையன்று. 1971இல் சியோலில் நடந்த தகுதிச் சுற்றில் ஜப்பானையும், சொந்த மண்ணில் ஆடிய தென் கொரியாவையும் உள்ளிட்ட எல்லா எதிரணிகளையும் வென்ற அணி, 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடியது. தற்காப்பு ஆட்டக்காரர் எம். சந்திரன், பினாங்கைச் சேர்ந்த நமாட் அப்துல்லா, ஷஹாருடின் அப்துல்லா ஆகியோர் இடம்பெற்ற அவ்வணி, மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றாலும் அமெரிக்காவை 3-0 என வீழ்த்தியது. உலக மேடையில் தன் ஆட்டத்தை அளந்து பார்க்கும் அந்த வாய்ப்பு 1980ஆம் ஆண்டு அணிக்குக் கிடைக்கவில்லை.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து, அமெரிக்காவின் முன்முயற்சியில் எழுந்த ஒலிம்பிக் புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்த ஆண்டு மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. ஒரு நாடு வேறொரு நாட்டின் மீது படையெடுப்பதை எதிர்ப்பதற்கு நியாயம் உண்டு என்பதை ஏற்கும்போதே, அந்த எதிர்ப்பின் விலையை ஆட்டக்காரர்களே செலுத்தினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். மலேசியாவின் இடத்தில் அழைக்கப்பட்ட ஈராக், கோஸ்டா ரிக்காவை வென்று, பின்லாந்துடனும் யூகோஸ்லாவியாவுடனும் சமநிலை கண்டு காலிறுதிக்கு முன்னேறியது. ஆசியத் தகுதிச் சுற்றில் தானே வென்று வந்த குவைத்தும் காலிறுதி வரை சென்றது. ஆசிய அணிகளுக்கு எட்டாத உயரம் அங்கு இருக்கவில்லை என்பதை இம்முடிவுகள் காட்டுகின்றன. ஆகவே கோலாலம்பூரில் எவரிடமும் தோற்காத அணி மாஸ்கோவில் எவ்வளவு தூரம் சென்றிருக்கும் என்ற கேள்வி வெறும் ஏக்கத்திலிருந்து பிறந்ததன்று.

ஜுருவிலும் பினாங்கின் பிற ஊர்களிலும் வளரும் இன்றைய இளையோருள் பலர் இந்த வரலாற்றை, 2016இல் சியூ கெங் குவான் இயக்கத்தில் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தின் வழியாகவே அறிந்திருப்பர். அந்தப் படம் பெயர்களை மாற்றிக் கதையாகப் புனைந்தது. அதில் வரும் முத்து என்ற தமிழ்க் கோல் காவலர் பாத்திரத்தைப் பார்ப்பவர்களுக்கு ஆறுமுகத்தின் நினைவு வராமல் இருக்காது. படத்தின் உணர்ச்சி உண்மையானது, அது சென்று சேர்ந்த தொலைவும் பெரிது. ஆயினும் படம் பார்த்து முடித்தவர்கள் உண்மை ஆட்டக்காரர்களின் பெயர்களையும் தேடிப் படிப்பது அவர்களுக்குச் செய்யும் நியாயம்.

1980க்குப் பின் மலேசியா ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெறவில்லை. 1992 முதல் ஒலிம்பிக் ஆடவர் காற்பந்து 23 வயதுக்குட்பட்டோருக்கான போட்டியாக மாற்றப்பட்டுவிட்டதால், இனித் தகுதி பெறும் மலேசிய ஆடவர் அணி எதுவாயினும் அது பெரும்பாலும் இளையோர் அணியாகவே இருக்கும்.